கீல் என்று மூன்று முறை சொன்னேன்

எனக்கு மார்படைப்பு வந்ததையும், அதற்குக் கொடுத்த மருந்தாலேயே குடலுக்குள் இரத்தம் கசிந்து சாகக் கிடந்ததையும் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஆஸ்பத்திரியில் ஒளித்து வைத்துக் கருவாடு தின்றேனாம், அதனால் குடல் புண்ணாகிவிட்டதாம். இது ஒரு கதை. டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறைத்துவிட்டேனாம். இது இன்னொன்று. முதல் கதையைக் கேட்டு நானே சிரித்தேன். கருவாடு கிடைத்திருந்தால் தின்றிருப்பேன், கிடைக்கவில்லை. இரண்டாவது கதைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. அது ஆஸ்பத்திரிக் காகிதத்திலேயே மசியால் எழுதியிருந்த கதை. இப்போது பேனா பிடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்திருப்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். டாக்டரின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதப் போவதில்லை. பயந்து அல்ல. பெயரை எழுதினால் ஜனங்கள் பெயரைப் பற்றியே பேசுவார்கள், காரியத்தை விட்டுவிடுவார்கள்.

நான் தண்டல். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகிற பாய்மரத் தோணிக்குத் தலைவனை எங்கள் துறைமுகத்தில் அப்படித்தான் சொல்வோம். சுதந்திரம் வந்த மறு வருஷம் ஆனி மாதம் அது. தென்மேற்குக் காற்று பலத்துவிட்டால் தோணிகள் ஓடாது. கரையில் இழுத்துப் போட்டுப் பழுது பார்ப்போம். பலகைச் சந்துகளில் பஞ்சைத் திணித்து, மேலே கொதிக்கக் கொதிக்கக் கீல் பூசுவார்கள். கீல் என்றால் கறுப்பாய், பிசுபிசுப்பாய், பளபளவென்று இருக்குமே அந்தக் குழம்பு. உள்நாட்டில் அதை ரோட்டுக்குப் போடுகிறார்கள், தார் என்கிறார்கள். நாங்கள் பாட்டன் காலத்திலிருந்து கீல் என்றுதான் சொல்கிறோம். இந்த ஒரு வார்த்தையை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கீல் சட்டி கொதித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு பிடித்தது. வலி என்று சொல்வதைவிட அழுத்தம் என்று சொல்ல வேண்டும். வாலிபத்தில் முத்துச் சலாபத்தில் சிப்பி எடுக்கக் குளித்திருக்கிறேன். மூச்சுக்கு மீறி ஆழத்தில் நின்றுவிட்டால் கடல் முழுவதும் நெஞ்சின் மேல் உட்காரும். அதே கனம், கரையில் நிற்கும்போது. இடது கை விரல் வரைக்கும் மரத்துப் போனது. மணலில் உட்கார்ந்தேன், பிறகு நடந்தே வீட்டுக்குப் போனேன். அப்படி நடந்ததே தப்பு என்று பின்னால் சொன்னார்கள்.

“ஏளா, வாயுதான். ஓமத் தண்ணி வை,” என்றேன் என் மனைவி ரெஜினாவிடம்.

அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். “வாயுவுக்கு இப்படி வேர்க்குமா? மொகம் பச்சையா கெடக்கு. நீங்க படுங்க, நான் வண்டி கொண்டாரச் சொல்லுதேன்,” என்றாள். குசினியில் அடுப்பை அணைத்துவிட்டுத் தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவள் ஓடியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் என் நெஞ்சிலும் கைகால்களிலும் ஈரத்துணி வைத்துக் கம்பிகளைக் கட்டினார்கள். ஒரு பெட்டி, இருதயம் துடிக்கிற துடிப்பைக் காகிதத்தில் கோடாக எழுதியது. அந்தப் பெட்டி பெரிய டாக்டருடையது. சீமையில் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்து அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. சுத்தமான சட்டை, சுத்தமான பேச்சு. காகிதத்தில் விழுந்த கோட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. இருதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்றில் இரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துவிட்டது, அந்தப் பக்கத்துச் சதை பட்டினி கிடக்கிறது, ஆறு வாரம் அசையாமல் படுத்தால் பிழைக்கலாம்.

“இன்னொரு கட்டி உறைந்துவிடக் கூடாது, மிஸ்டர் பர்னாந்து. அதற்குப் புது மாத்திரை ஒன்று இருக்கிறது. இந்த ஜில்லாவிலேயே உங்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறேன்,” என்றார்.

அந்த மாத்திரையின் கதையை அவரே ஆசையாகச் சொன்னார். அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் உடம்புக்குள்ளேயே இரத்தம் கசிந்து செத்தனவாம். அந்தப் புல்லில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து எடுத்ததுதான் இந்த மருந்து. இரத்தத்தை உறைய விடாது.

“மாட்டைக் கொன்னதையா சார் எனக்குக் கொடுக்கீய?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அளவு பார்த்துக் கொடுப்போம். தினமும் உங்கள் இரத்தத்தை எடுத்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். அதைப் பார்த்துத்தான் அன்றைய மாத்திரை. பயப்படாதீர்கள்.”

தினமும் என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. மாத்திரையை விழுங்கச் சம்மதித்ததே அந்த வார்த்தையை நம்பித்தான்.

அசையாமல் படுப்பது என்றால் என்ன என்று படுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கையை நீட்டிச் செம்பை எடுக்கக் கூடாது. தானாகப் புரளக் கூடாது. கஞ்சியை இன்னொருவர் கரண்டியால் ஊட்ட வேண்டும். முப்பது ஆளுக்கு உத்தரவு போட்டவன் வாயைத் திறந்து காத்திருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் முதல் நாள் கரண்டியைக் கடித்துவிட்டேன். ரெஜினா கரண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பல்லுக்கு ஒண்ணும் சீக்கு இல்ல,” என்றாள். பகலெல்லாம் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து செபமாலை உருட்டுவாள். வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கடற்கரை வழியாகச் சுற்றி வருவாள். எங்கள் தோணிக்கு அன்று என்ன வேலை நடந்தது என்று பார்த்து வந்து சொல்வாள். இன்னைக்குப் பாயை உலத்துதாவ. இன்னைக்கு நங்கூரத்துச் சங்கிலிக்கு எண்ணெய் போடுதாவ. அதைக் கேட்டுக்கொண்டே நான் கஞ்சியைக் குடித்துவிடுவேன்.

எங்கள் வார்டுக்குச் சரோஜா என்று ஒரு நர்ஸ். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. சேலத்துப் பெண். கடலையே இங்கே வேலைக்கு வந்துதான் பார்த்தேன் என்றாள். எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுவாள். முப்பது கட்டிலுக்கு அவள் ஒருத்தி. காலையில் ஒவ்வொரு கட்டிலாக வந்து நோயாளிகளிடம் விசாரித்து ஒரு நோட்டில் இங்கிலீஷில் எழுதுவாள். பெரிய டாக்டர் வரும்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் பேசுவார். நோயாளியைப் பார்த்துப் பேசுவது குறைவு.

என்னிடம் அவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. வயிறு போச்சா? படுத்தே கிடந்ததாலும், வலிக்குப் போட்ட அபின் ஊசியாலும் எனக்கு மலம் கட்டிவிட்டது. முக்கினால் இருதயத்துக்கு ஆபத்து என்பதால் டாக்டருக்கு அது பெரிய கவலை. விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். எனிமா கொடுத்தார்கள். போச்சா, போச்சா என்று காலையிலும் மாலையிலும் கேட்டார்கள். போகவில்லை என்றால் முகம் சுருங்கும். ஊரில் ஒரு தோணி வந்து சேரவில்லை என்றால்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள்.

இரத்தச் சோதனை ஆறு நாள் ஒழுங்காக நடந்தது. லேப்காரர் காலையில் வந்து முழங்கையில் ஊசி குத்தி எடுத்துப் போவார். ஏழாம் நாள் அவர் வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை. மாத்திரை மட்டும் வேளை தப்பாமல் வந்தது. ரெஜினா லேப் வாசலுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

“அந்தச் சோதனைக்கு ஒரு பொடி வேணுமாம். மொசலு மூளையக் காயவச்சுச் செய்யுததாம். அது தீந்து போச்சாம். மெட்ராஸ்லேருந்து வரணுமாம்,” என்றாள்.

“அப்ப மாத்திர?” என்றேன்.

“அத நான் கேக்கல்ல. கேட்டா சொல்லுவாவளா?”

எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள், யோசிக்காமல் செய்வார்களா என்று நினைத்தேன். ஆழம் பார்க்கிற ஈயக்குண்டு கயிறு அறுந்து விழுந்துவிட்டால் எந்தத் தண்டலும் பாறைக்கிடையில் பாயை விரித்துப் போக மாட்டான். பாயை இறக்குவான். இதைக் கடலில் இருந்தால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிலில் கிடந்ததால் புத்தி மழுங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் வயிறு போனது. கஷ்டமே இல்லாமல் போனது. ஆனால் ஒரு வாடை அடித்தது. கெட்டுப்போன மீன் வாடையும் அல்ல, வழக்கமான வாடையும் அல்ல. ரெஜினா மலச் சட்டியை எடுத்து மூடுவதற்கு முன்னால் நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கறுப்பாய்ப் பளபளவென்று, சட்டியில் ஒட்டிக்கொண்டு, கரையில் கொதிக்கிற கீலை அப்படியே கொண்டுவந்து ஊற்றியதுபோல் இருந்தது.

“நோயெல்லாம் அத்துக்கிட்டுப் போவுது போல,” என்றாள் ரெஜினா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும் அல்லவா? சரோஜா நோட்டோடு வந்தவுடன் சொன்னேன்.

“கீலாப் போவுது சிஸ்டர்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “கீழ போகுதுங்களா? அப்பாடா, நல்லதுங்க,” என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

அவள் சொன்ன ‘கீழ’ எனக்குக் ‘கீலு’ என்றே கேட்டது. நான் சொன்ன கீல் அவளுக்குக் கீழே என்று கேட்டிருக்கிறது. எங்கள் வாயில் ழகரம் சரியாக வராது என்று பள்ளிக்கூடத்து வாத்தியார்களே அடித்து ஓய்ந்தவர்கள். அதோடு ஊசி மருந்தில் என் நாக்கு உலர்ந்து தடித்திருந்தது. எந்த எழுத்தைச் சொன்னாலும் ஒரே எழுத்தாகத்தான் விழுந்திருக்கும். கட்டின வயிறு கீழே போகிறது என்று நான் சந்தோஷமாய்ச் சொன்னதாக அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். அவளும் அந்தச் செய்திக்காகத்தானே ஒரு வாரமாகக் காத்திருந்தாள்.

மறுநாளும் அப்படியே போனது. “இன்னைக்கும் கீலாத்தான் போச்சு, ரெண்டு தடவ,” என்றேன். “நல்லா போகட்டுங்க,” என்றாள். பெரிய டாக்டர் அன்று வந்து என் ஈறுகளை விரலால் தள்ளிப் பார்த்தார். “இரத்தம் ஏதாவது வருகிறதா?” என்று கேட்டார். “இல்ல சார்,” என்றேன். இது என் பேரில் உள்ள தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இரத்தம் என்றால் சிவப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வயிற்றுக்குள் கசிகிற இரத்தம் அங்கேயுள்ள புளிப்பில் வெந்து கறுத்துப் போகும், குடல் வழியாக வருகிறபோது கீலைப்போல வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாட்டுக் கதையைச் சொல்ல நேரம் இருந்தது அவருக்கு. இதைச் சொல்ல இல்லை.

பதினோராம் நாள் காலையில் எனக்குத் தலை இலேசாகச் சுற்றியது. காது இரைந்தது. பெரிய டாக்டர் வந்து கட்டிலருகில் நின்றார். இவரிடமே சொல்லிவிடுவோம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“மூணு நாளாக் கீலாப் போவுது சார்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சரோஜாவைப் பார்த்தார். அவள் நோட்டைப் பார்த்து, வயிறு நன்றாகப் போகிறது என்று இங்கிலீஷில் சொன்னாள். “குட்,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தக் ‘குட்’ இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் வார்டின் அந்தக் கோடிக்குப் போவதற்குள் எனக்கு மறுபடியும் வயிறு கலக்கியது. ரெஜினா சட்டி வைத்தாள். அது முடிந்தபோது கண் இருட்டிவிட்டது. உடம்பெல்லாம் ஐஸ் போலக் குளிர்ந்து வேர்த்தது. ரெஜினா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கலியாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. பிறகு வாந்தி வந்தது. காப்பி வண்டலைப்போல, பொடிப் பொடியாகக் கறுப்பு. இதற்குப் பிறகு நடந்ததில் பாதிதான் எனக்கு நினைவு, மீதி ரெஜினா சொன்னது.

டாக்டர் ஓடிவந்து நாடியைப் பிடித்தார். இருதயத்தில் இரண்டாவது அடைப்பு என்றார். அந்தப் பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். மாத்திரையை இன்னும் ஒன்று கூட்டிக் கொடுக்கச் சொன்னார். அப்போது ரெஜினா கட்டிலுக்கடியில் குனிந்து, மூடி போட்ட சட்டியை இரண்டு கையாலும் எடுத்து, மூடியைக் கழற்றி, அவருடைய சுத்தமான சட்டைக்கு முன்னால் நீட்டினாள்.

“இதப் பாருங்க. மூணு நாளாக் கீலு கீலுன்னு சொல்லுதாவ. ஒருத்தராவது பாத்தீயளா?”

டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். பிறகு குனிந்து பார்த்தார். “கீல் என்றால் என்ன?” என்று கேட்டார்.

சட்டிகளை எடுத்துக் கழுவுகிற மாடசாமிதான் வாசலில் நின்று பதில் சொன்னார். “தாருங்க சார். தோணிக்குப் பூசுவாவள்ல, அது. நானும் ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், கறுப்பாத்தான் இருக்கு.”

“ஏன் சொல்லவில்லை?” என்று டாக்டர் கத்தினார்.

“எங்கிட்ட யாரு சார் கேட்டா?” என்றார் மாடசாமி.

நியாயமான கேள்வி. ஒரு தோணியில் கழிவுத் தண்ணீர் இறைக்கிறவன், இன்றைக்குத் தண்ணீர் கூடுதலாக இருக்கிறது என்று சொன்னால் தண்டல் ஏணியில் இறங்கிப் பார்ப்பான். பார்க்காதவன் தண்டல் இல்லை. இங்கே இறைக்கிறவருக்கு வாயே கிடையாது. நோயாளிக்கு வாய் உண்டு, ஆனால் நோட்டில் ஏறினால்தான் அது பேச்சு. மூன்று நாளும் படித்தவர் ஒருவரும் அந்தச் சட்டியின் மூடியைத் திறக்கவில்லை. ஒரு மூடி. அதைத் தூக்க என்ன படிப்பு வேண்டும்?

மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த மருந்தின் வேலையை மாற்றுகிற ஊசி ஒன்று, வைட்டமின் கே என்று பெயர், அலமாரியில் நாலே நாலு இருந்ததைப் போட்டார்கள். வயிற்றின் மேல் ஐஸ் பை வைத்தார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்றார்கள். இரத்தம் வேண்டும் என்றார்கள். என் தோணிக்காரர்கள் ஆறு பேர் கரையிலிருந்து கீல் கையோடு ஓடிவந்து நின்றார்கள். ஒருவனுடைய இரத்தமும் எனக்குச் சேரவில்லை. கடைசியில் ரெஜினா கையை நீட்டினாள்.

“உங்களுக்கு வேண்டாம்மா, பலவீனம்,” என்றார் டாக்டர்.

“ஆறு பேருக்கு ஊசி போட்டுப் பாக்க நேரம் இருந்துச்சு, எனக்குப் பாக்க இல்லையா?” என்றாள் அவள்.

அவளுடையது சேர்ந்தது. ஒரு பாட்டில் எடுத்து அப்படியே எனக்கு ஏற்றினார்கள். ஏறிய அரைமணியில் என் காது இரைச்சல் நின்றது, கால் விரல்களில் சூடு வந்தது. பக்கத்துப் பெஞ்சில் அவள் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. லேஞ்சித் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“இனும எனக்கு வாரது மாதிரிதான் ஒங்களுக்கும் கோவம் வரும்,” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழக் கூடாது, இருதயத்துக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

நாலு நாள் பட்டினி. பிறகு மணிக்கொரு தரம் இரண்டு கரண்டி பால். ஆறாம் நாள் மலம் பழைய நிறத்துக்கு வந்தது. இந்தத் தடவை பெரிய டாக்டர் தானே மூடியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு நாளும் பார்த்தார். சரோஜா கட்டிலருகே வந்தால் தலை நிமிர மாட்டாள். நானும் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. என்னைக் கொல்லப் பார்த்தவள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது, மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று நாற்காலியில் உட்கார வைத்துக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். தோணி முதலாளியிடம் காட்ட வேண்டிய காகிதம். நான் பாதிரியார் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன். சுங்கத்துக் காகிதங்களை வருஷக்கணக்கில் படித்துக் கையெழுத்துப் போட்டவன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். நடுவில் ஒரு வரி. ‘கறுப்பாக மலம் போவதை நோயாளி தெரிவிக்கவில்லை.’

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டுப் பெரிய டாக்டருடைய அறைக்கு நடந்தேன். ரெஜினா பின்னால் வந்தாள்.

“இந்த வரிய அடிங்க சார்,” என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். “இது கேஸில் எழுதுகிற வழக்கமான வரி. இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம்?”

“நான் சொன்னேன் சார். மூணு தடவ சொன்னேன். ஒரு தடவ ஒங்க மொகத்தப் பாத்தே சொன்னேன்.”

“நீங்கள் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நோட்டிலும் இல்லை.”

“தோணில தண்ணி ஏறுதத முதலாளிக்குச் சொல்லாத தண்டலுக்குத் தோணி கொடுப்பாவளா? இந்தக் காயிதத்தப் படிச்சா என் முதலாளி என்ன நெனைப்பாரு? தன் ஒடம்புல ஓட்ட விழுந்ததச் சொல்லத் தெரியாதவன், சரக்கு நனைஞ்சா சொல்லவா போறான்னு நெனைக்க மாட்டாரா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நீங்கள் சொன்னதை உங்கள் மனைவியைத் தவிர வேறு யாராவது கேட்டார்களா?”

அப்போது அறை வாசலில் சரோஜா நின்றாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, தானாகத்தான் வந்தாள்.

“அவர் சொன்னாருங்க சார். மூணு நாளும் கீல்னுதான் சொன்னாரு. நான்தான் கீழேன்னு நெனைச்சு வயிறு போச்சுன்னு எழுதிட்டேன். எங்க சேலத்துப் பக்கம் தாருன்னுதாங்க சொல்லுவோம். எனக்குத் தெரியலைங்க,” என்றாள். நோட்டை மேஜைமேல் வைத்து, மூன்று நாளுக்குரிய மூன்று வரிகளையும் விரலால் காட்டினாள்.

டாக்டர் உடனே பேனாவை எடுத்தார். பழைய வரியை அடித்தார். ‘நோயாளி தெரிவித்ததை நர்ஸ் தவறாகப் புரிந்துகொண்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பற்றிய வரியை அடிக்க மாட்டாமல் அவ்வளவு வாதாடிய மனிதர் இந்த வரியை எழுத ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வென்றுவிட்ட மிதப்பில் இருந்தேன். அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வண்டியில் வரும்போது ரெஜினா கேட்டாள், “அந்தப் பிள்ளைக்கு என்னமும் ஆவுமா?”

“உண்மையச் சொன்னவளுக்கு என்ன ஆவும்?” என்றேன்.

முதலாளி காகிதத்தைப் படித்தார். கடலுக்கு இனிமேல் அனுப்ப முடியாது, கரையில் சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொள் என்றார். மரியாதையாகவே சொன்னார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கோடு எழுதிப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெஜினா சரோஜாவுக்கென்று ஒரு ஓலைக்கொட்டானில் மக்ரூன் வாங்கி வைத்திருந்தாள். வார்டில் வேறொரு நர்ஸ் நின்றாள். மாடசாமிதான் எங்களைப் பார்த்து வெளியே வந்தார்.

“அந்தப் பிள்ளைய வேலைய விட்டு அனுப்பிட்டாவ. நீங்க போன மறுநாளே. நோயாளி சொன்னதச் சரியாக் கேக்கத் தெரியலன்னு காயிதத்துலயே இருக்குன்னு சொன்னாவளாம். தகரப் பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு டேசனுக்கு நடந்தே போச்சு,” என்றார்.

நான் நேராகப் பெரிய டாக்டருடைய அறைக்குப் போனேன். எழுந்து நின்று வரவேற்றார். முகம் நன்றாக இருக்கிறது என்றார். என் கேஸை எழுதிச் சென்னையில் டாக்டர்கள் கூட்டத்தில் வாசிக்கப் போவதாகச் சொன்னார். புது மருந்து, ஆபத்து நேர்ந்தும் ஆள் பிழைத்திருக்கிறார், அபூர்வம் என்றார்.

“அந்த நர்ஸ எதுக்கு சார் அனுப்புனீய?”

“தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டோம். நீங்கள் கேட்டுக்கொண்டதுதானே?”

நான் கேட்டுக்கொண்டதுதான்.

“அவ ஒரு வார்த்தையத் தப்பாக் கேட்டா சார். பொடி தீந்து போச்சு, ரத்தத்தச் சோதிக்கல, ஆனா அஞ்சு நாளு மாத்திர கொடுத்தீய. அது யாரு தப்பு? தினமும் பாப்போம்னு எங்கிட்டச் சொன்னது அவளா, நீங்களா? அது எந்தக் காயிதத்துல இருக்கு?”

அவர் முகம் மாறவில்லை. குரலைத் தணித்து, குழந்தையிடம் பேசுவதுபோல் சொன்னார். “மிஸ்டர் பர்னாந்து, நீங்கள் கோபப்படக் கூடாது. உங்கள் இருதயத்துக்கு ஆகாது. கையை நீட்டுங்கள், நாடி பார்க்கிறேன்.”

நான் கையை நீட்டவில்லை. “அந்த வரிய எழுதுங்க. பெறவு நாடி பாக்கலாம்,” என்றேன்.

அவர் எழுதவில்லை. ரெஜினா கொட்டானை மாடசாமியிடம் கொடுத்தாள். கோடு எழுதாமலே வீட்டுக்கு வந்தோம். அவர் எழுதாததை நான் எழுதுகிறேன். சோதனை நின்ற பிறகும் ஐந்து நாள் எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதனால்தான் இரத்தம் போனது. அதற்குச் சேலத்துச் சரோஜா பொறுப்பல்ல.